தகியுத்தீன்: விண்ணை அளந்த காழியார்

இஸ்லாமிய அறிவியல் மேதைகள் என்று பேச்செடுத்தால் அல்குவாரிஸ்மி, அல்பிரூனி, இப்னு சீனா, இப்னுல் ஹைதம் ஆகிய பெயர்கள் உடனே நம் நாவில் வரும். மீலாது விழா மேடையிலும் மத்ரஸாப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டியிலும் இந்தப் பெயர்களைத்தான் கேட்கிறோம். இவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர்கள். ஆகவே நம்மவர்களின் அறிவுத் தேடல் பாக்தாத்தோடு முடிந்துவிட்டது என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் பதிந்துவிடுகிறது.

அது சரியல்ல என்பதற்கு ஒருவரின் வாழ்க்கையே போதும். மேலே சொன்ன மேதைகளுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் வந்தவர் அவர். ஐரோப்பாவில் டைக்கோ பிராஹே என்ற டென்மார்க் அறிஞர் புதிய வானாராய்ச்சிக் கருவிகளைச் செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இஸ்தான்புல்லில் அதே தரத்தில் கருவிகளைச் செய்தவர். அவர் பெயர் தகியுத்தீன் முஹம்மது இப்னு மஃரூஃப். சங்கத்தின் பொன்விழா மலரில் அவரைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் கல்வியும்

தகியுத்தீன் 1526-ல் டமாஸ்கஸ் நகரில், நம் முன்னோர் திமஷ்க் என்று சொல்லும் ஊரில் பிறந்தார். அப்போது சிரியாவும் எகிப்தும் உதுமானியப் பேரரசின் கீழ் வந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் அவர் மார்க்கக் கல்வி கற்றார். ஃபிக்ஹு, ஹதீஸ் ஆகியவற்றோடு கணிதத்தையும் வானியலையும் அங்கேயே கற்றார். அந்தக் காலத்தில் இவற்றுக்கிடையே மதில் கிடையாது. பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்ல முவக்கித் என்ற தனிப் பதவியே இருந்தது. அந்தப் பதவிக்கு மார்க்கமும் தெரிய வேண்டும், கோணக் கணக்கும் தெரிய வேண்டும்.

படித்து முடித்ததும் ஆசிரியராகவும் காழியாகவும் பணியாற்றினார். பகலில் வழக்குகளைத் தீர்ப்பார். மீதி நேரத்தில் சக்கரங்களையும் பல்லிணைகளையும் ஆராய்வார். 1551-ல் அவர் எழுதிய இயந்திர நூலில் இரண்டு செய்திகள் இன்றும் பேசப்படுகின்றன. ஒன்று, கொதிக்கும் பாத்திரத்தின் மூக்கிலிருந்து பீறிடும் நீராவியால் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் இறைச்சி வாட்டும் கம்பியைத் திருப்புவது. மற்றொன்று, ஆற்று நீரின் வேகத்தால் ஓடும் ஆறு உருளைகள் கொண்ட நீரிறைக்கும் பம்பு. ஓர் உருளை நீரை உறிஞ்சும்போது வேறொன்று வெளியே தள்ளும். அதனால் நீர் இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டயம் படித்தவன் என்பதால் அந்தப் பம்பின் படத்தைப் பார்த்தவுடனே எனக்கு அது புரிந்தது. இன்றைய மாணவருக்கும் புரியும்.

1559-ல் இயந்திரக் கடிகாரங்களைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். அலி பாஷா என்ற உயர் அதிகாரியின் சேகரிப்பில் ஐரோப்பியக் கடிகாரங்கள் பல இருந்தன. அவற்றைப் பார்த்து ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. பிற நாட்டார் செய்த பொருள் என்று ஒதுக்காமல் அவற்றைப் புரிந்துகொண்டு, எடையால் ஓடுவது எது, சுருள்வில்லால் ஓடுவது எது, ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்றெல்லாம் விளக்கினார். கடிகாரத்தில் அவர் காட்டிய இந்த அக்கறை பின்னாளில் வானத்தை அளக்கப் பயன்பட்டது.

இஸ்தான்புல் அழைத்தது

1570-ஐ ஒட்டி அவர் தலைநகர் இஸ்தான்புல்லுக்குக் குடிபெயர்ந்தார். அரண்மனையின் தலைமை வானியலாளராக இருந்த முஸ்தஃபா இப்னு அலீ 1571-ல் காலமானார். அந்தப் பதவியை சுல்தான் இரண்டாம் சலீம் தகியுத்தீனுக்கு வழங்கினார். கலாத்தா கோபுரத்தின் மேலிருந்து அவர் வானத்தை நோக்கத் தொடங்கினார்.

அங்கே அவருக்கு ஒரு குறை தெரிந்தது. அன்றைக்கு எல்லாரும் பயன்படுத்தியது சமர்கந்து அரசர் உலுக் பேக் தயாரித்த வான அட்டவணை. இத்தகைய அட்டவணையை அரபியில் ஸீஜ் என்பார்கள். சூரியன், சந்திரன், கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று கணக்கிட அது உதவும். பிறை, கிரகணம், தொழுகை நேரம், நாட்காட்டி எல்லாம் அதை நம்பியே இருந்தன. உலுக் பேக் சாதாரண ஆள் அல்லர். அவருடைய வானாய்வகத்தில் தரையைத் தோண்டிக் கட்டிய வளைவுக் கருவியின் ஆரம் ஏறத்தாழ 40 மீட்டர். அதில் ஒரு பாகை என்பது சுமார் 70 சென்டிமீட்டர் நீளம். அவருடைய அட்டவணையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஆனால் 1449-ல் தம் மகனின் ஆட்களாலேயே அவர் கொல்லப்பட்டார். வானாய்வகமும் கைவிடப்பட்டு மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த அட்டவணைக்கு இப்போது நூற்றி முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு நொடி பிந்தும் கைக்கடிகாரத்தைத் திருத்தாமலே விட்டால் இரண்டு மாதத்தில் ஒரு நிமிடம் பிந்திவிடும். வான அட்டவணையும் அப்படித்தான். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாத பிழை, தலைமுறைகள் கடக்கும்போது கிரகணத்தின் நேரத்தையே மாற்றிவிடும். பழைய அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத் திருத்துவதில் பயனில்லை. வானத்தையே மறுபடி அளக்க வேண்டும். அதற்குப் புதிய கருவிகளும் அவற்றை வைக்க ஓர் இடமும் வேண்டும்.

தோப்ஹானே குன்றில்

1574-ன் இறுதியில் மூன்றாம் முராத் சுல்தானானார். அவருடைய ஆசிரியர் ஸஃதுத்தீன் தகியுத்தீனுக்கு ஆதரவாக இருந்தார். பிரதம மந்திரி சொக்கொல்லு முஹம்மது பாஷாவும் துணை நின்றார். இவர்கள் எடுத்துச் சொன்னதன் பேரில் வானாய்வகத்துக்கு அனுமதி கிடைத்தது. 1575-ல் வேலை தொடங்கி, 1577-ல் தோப்ஹானே பகுதியிலுள்ள குன்றின் மேல் அது முழுமை பெற்றது. அங்கே கருவிக்கூடமும் நூலகமும் பணியாளர் தங்கும் இடமும் இருந்தன. நோக்குபவர், கணக்கெழுதுபவர், உதவியாளர் என மொத்தம் பதினாறு பேர் பணியாற்றினார்கள். சலோனிகாவைச் சேர்ந்த தாவூத் என்ற யூதக் கணித அறிஞரும் அவருக்குத் துணையாக இருந்தார்.

அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறது. 1581-ல் முடிக்கப்பட்ட ஷாஹின்ஷாநாமா என்ற அரண்மனை நூலில் அதன் வண்ண ஓவியம் இருக்கிறது. தலைப்பாகை அணிந்த அறிஞர்கள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் கோணம் பார்க்கிறார், ஒருவர் கவராயத்தால் கோடு போடுகிறார், ஒருவர் எழுதுகிறார். மேசை மேல் கடிகாரம் இருக்கிறது. முன்னால் ஒரு பூகோள உருண்டை இருக்கிறது. பின்னால் அலமாரியில் புத்தகங்கள். ஒருவரும் சும்மா நிற்கவில்லை.

கருவிகள் என்ன செய்தன?

தொலைநோக்கி வானத்தை நோக்கித் திரும்புவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆகவே எல்லா அளவும் வெறுங்கண்ணால்தான். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை. நல்ல கண்பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை. மூன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு. அந்த எல்லை வரை போவதுதான் அன்றைய கருவியாளரின் இலட்சியம்.

அதற்கு முதல் வழி கருவியைப் பெரிதாகச் செய்வது. கருவி பெரிதானால் கோடுகளுக்கிடையே இடம் கிடைக்கும். ஆனால் பெரிய கருவி தன் எடையாலேயே வளையும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும். நான் ஹார்டுவேர் வியாபாரம் செய்பவன். விலை மலிவான நீள அளவுகோலை வாங்கிப் போனவர் மறு வாரமே திரும்பி வந்து, இரண்டு முனையிலும் சரியாக இருக்கிறது, நடுவில் தவறுகிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் தகியுத்தீனுக்கு இருந்ததும் இதே கவலைதான்.

அவருடைய வானாய்வகத்தில் ஒன்பது முக்கியக் கருவிகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகப் பெரிய உலோக வளையங்களை அமைத்த வளையக் கோளம், கோள்களின் இடத்தைக் காட்டியது. தெற்கு வடக்காக எழுப்பிய சுவரில் பித்தளையால் பதித்த கால்வட்டம், சூரியனும் நட்சத்திரங்களும் உச்சிக் கோட்டைக் கடக்கும்போது அவற்றின் உயரத்தைச் சொன்னது. மூன்று சட்டங்களை இணைத்துச் செய்த கருவி ஒன்று இருந்தது. ஒரு பொருள் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லும் கருவியும் இருந்தது. இவை எல்லாம் தாலமி காலம் தொட்டு மராகா, சமர்கந்து வழியாக வந்த மரபு.

அவர் தாமே சேர்த்தவையும் உண்டு. இரவும் பகலும் சமமாகும் நாளைக் கண்டறிய அதுவரை உலோக வளையத்தைப் பயன்படுத்தினார்கள். வளையம் சிறிது கோணினாலும் நாளே தவறிவிடும். அவர் வளையத்தை எடுத்துவிட்டுச் சட்டத்தில் கயிறுகளைக் கட்டி அதே வேலையைச் செய்தார். எடை குறைந்தது, வளைவும் குறைந்தது. இரண்டு விண்பொருள்களுக்கு இடையேயுள்ள தூரத்தை நேராக அளக்க, சட்டங்களோடு ஒரு வில்லைப் பொருத்தி மற்றொரு கருவியைச் செய்தார். டைக்கோ பிராஹே அதே காலத்தில் செய்த செக்ஸ்டன்ட் என்ற கருவியோடு இதை அறிவியல் வரலாற்றாசிரியர்கள் ஒப்பிடுகிறார்கள்.

நேரத்தையே அளவுகோலாக்கியவர்

எல்லாவற்றிலும் முக்கியமானது அவருடைய வானாய்வுக் கடிகாரம். வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. ஒரு நட்சத்திரம் உச்சிக் கோட்டைக் கடந்த நேரத்தையும் மற்றொன்று கடந்த நேரத்தையும் சரியாகக் குறித்துவிட்டால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் தானாக வந்துவிடும். கடிகாரமே அளவுகோலாகிவிடும்.

சொல்வது எளிது. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் கோணம் 15 கலை தவறும். அது முழு நிலவின் அகலத்தில் பாதி. அந்தக் காலத்துக் கடிகாரங்களுக்கு மணிமுள் மட்டுமே போதும் என்றிருந்தது. ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடுவது சாதாரணம். ஊசல் கடிகாரம் வந்தது 1656-ல்தான். தகியுத்தீன் அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னால், மணிக்கும் நிமிடத்துக்கும் அதற்குக் கீழுள்ள பிரிவுக்கும் தனித்தனி முகப்பு வைத்த கடிகாரத்தைச் செய்து வானாய்வுக்குக் கொண்டுவந்தார். டைக்கோவும் கடிகாரங்களை வைத்துப் பார்த்தார். அவை நம்பத்தக்கதாக இல்லை என்று வேறு முறைகளுக்குப் போய்விட்டார். கடிகார நூல் எழுதிய தகியுத்தீனோ அந்த வழியையே பிடித்துக்கொண்டார்.

நட்சத்திரத்தின் இடத்தைச் சூரியனோடு இணைக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல். சூரியன் இருக்கும்போது நட்சத்திரம் தெரியாது. நட்சத்திரம் வரும்போது சூரியன் இருக்காது. முன்னோர் சந்திரனைப் பாலமாகக் கொண்டார்கள். பகலில் சூரியனிலிருந்து சந்திரனுக்கு, இரவில் சந்திரனிலிருந்து நட்சத்திரத்துக்கு என்று அளந்தார்கள். ஆனால் சந்திரன் வேகமாக நகரும். பூமிக்கு அருகில் இருப்பதால் பார்க்கும் இடத்தைப் பொறுத்தும் இடம் மாறித் தெரியும். தகியுத்தீன் சந்திரனை விட்டுவிட்டு, சூரியன் மறையுமுன்னரே கண்ணுக்குத் தெரியக்கூடிய வெள்ளிக் கோளைப் பாலமாக்கினார். டைக்கோவும் இதையே செய்தார். ஒரே கேள்வியை நேர்மையோடு தொடர்ந்த இருவர் ஒரே விடையில் வந்து நின்றார்கள்.

பலன் எண்களில் தெரிந்தது. பூமியின் சாய்வோடு தொடர்புள்ள கோணத்தை அவர் 23 பாகை 28 கலை 40 விகலை என்று கண்டார். அன்றைய உண்மை அளவிலிருந்து இது ஏறத்தாழ ஒரு கலைதான் விலகியிருக்கிறது. சூரியப் பாதையில் மிகத் தொலைவான புள்ளி ஆண்டுக்கு 63 விகலை நகர்கிறது என்று கணக்கிட்டார். இன்றைய கணக்கு 61. கோப்பர்நிக்கஸ் 24 என்றும் டைக்கோ 45 என்றும் சொல்லியிருந்தார்கள். மேலும், அறுபது அறுபதாகப் பிரிக்கும் பழைய முறைக்குப் பதிலாகப் பத்துப் பத்தாகப் பிரிக்கும் தசமப் பின்னத்தைக் கோணக் கணக்கு அட்டவணைகளில் பயன்படுத்தினார். நம் பிள்ளைகள் இன்று கால்குலேட்டரில் புள்ளி வைத்துப் பார்க்கும் எண் முறை அதுதான்.

வால் நட்சத்திரமும் வந்த வினையும்

1577 நவம்பரில் வானத்தில் ஒரு பெரிய வால் நட்சத்திரம் தோன்றியது. இஸ்தான்புல்லிலும் தெரிந்தது, டென்மார்க்கிலும் தெரிந்தது. டைக்கோ அதை அளந்து, அது சந்திரனைவிடத் தொலைவில் இருக்கிறது என்று காட்டினார். அதனால் வானம் மாறாதது என்ற பழைய கருத்தே ஆட்டம் கண்டது.

தகியுத்தீனும் அதை இரவு பகலாக நோக்கினார். ஆனால் அவர் அரண்மனை உத்தியோகஸ்தர். சுல்தானுக்கு வேண்டியது அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்பதல்ல, அது நன்மைக்கா தீமைக்கா என்பதே. சோதிடம் சொல்வது அந்தப் பதவியின் வேலைகளில் ஒன்று. இது நல்ல சகுனம், பாரசீகத்தோடு நடக்கவிருக்கும் போரில் வெற்றி கிட்டும் என்ற பொருளில் அவர் பலன் சொன்னார். போர் தொடங்கியது. ஆனால் அதோடு கொள்ளைநோயும் வந்தது. முக்கியமானவர்கள் சிலர் அடுத்தடுத்து மாண்டார்கள். சொன்ன பலன் பொய்த்தது என்ற பேச்சு எழுந்தது.

1579 அக்டோபரில் அவருக்குத் துணை நின்ற பிரதம மந்திரி சொக்கொல்லு முஹம்மது பாஷா கொலையுண்டார். அரண்மனையில் அணிகள் மாறின. ஷைகுல் இஸ்லாமாக இருந்த காழிஸாதா அஹ்மது ஷம்சுத்தீன், விண்ணின் இரகசியங்களைத் துருவுவது நாட்டுக்குக் கேடு தரும் என்று சுல்தானிடம் எடுத்துரைத்தார். சுல்தான் ஆணையிட்டார். ஹிஜ்ரி 987 துல்ஹஜ் 4, அதாவது 1580 ஜனவரி 22 அன்று, கடற்படைத் தளபதி கிலிஜ் அலீ பாஷாவின் ஆட்கள் வந்து வானாய்வகத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். முழுமை பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த இடம். வளையக் கோளமும் சுவர்க் கால்வட்டமும் அதோடு போயின.

இந்தச் செய்தியைச் சிலர் மார்க்கம் அறிவியலை அழித்த கதையாகச் சொல்வார்கள். அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. இடிக்கச் சொன்னவரும் ஆலிம். கட்டியவரும் ஆலிம், காழியாக இருந்தவர். கட்டச் சொல்லிச் சுல்தானிடம் பேசிய ஸஃதுத்தீனும் ஆலிம், பின்னாளில் அவரே ஷைகுல் இஸ்லாமாகவும் ஆனார். பிறை பார்க்கவும் கிப்லாவைக் குறிக்கவும் வானியல் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் சூரிய சந்திரரின் கணக்கும் தராசின் நீதியும் அடுத்தடுத்துப் பேசப்படுவதை ஓதாதவர் நம்மில் யார்? எதிர்ப்புக்கு அரண்மனைப் போட்டி ஒரு காரணம். மற்றொரு காரணம் சோதிடம். தகியுத்தீனின் கருவி கோணத்தை மட்டுமே அளக்கும். போரின் முடிவை அளக்காது. கருவி சொல்லாததை அவர் பதவி அவரைச் சொல்ல வைத்தது. கருவி சொன்ன எதுவும் பொய்க்கவில்லை. ஆனால் பழி விழுந்தது கருவிகளின் மேல்.

ஹ்வென் தீவும் தோப்ஹானேயும்

டைக்கோவின் கதை வேறாக இருந்ததா என்று கேட்கலாம். 1576-ல் டென்மார்க் மன்னர் இரண்டாம் பிரெடரிக் அவருக்கு ஹ்வென் என்ற தீவையே கொடுத்தார். அங்கே அவர் கட்டிய உரானிபோர்க் என்ற ஆய்வு மாளிகையில் இருபது ஆண்டுகள் அளந்தார். அவரும் சோதிடம் எழுதியவர்தான். மன்னர் மாறியதும் அவருக்கும் ஆதரவு போனது. 1597-ல் தீவை விட்டு வெளியேறினார். 1601-ல் அவர் பிராக் நகரில் இறந்தபின் அந்த மாளிகையும் இடிக்கப்பட்டது. ஆக, கட்டடம் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் இன்றில்லை.

வேறுபாடு இதுதான். டைக்கோவுக்கு இருபது ஆண்டுகளின் அளவுக் குறிப்பேடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ள ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் கெப்ளர். டைக்கோவின் செவ்வாய்க் கோள் அளவுகளுக்கும் தம் கணக்குக்கும் எட்டுக் கலை வித்தியாசம் வந்தபோது, டைக்கோவின் கருவி இவ்வளவு தவறாது என்று கெப்ளர் நம்பினார். தம் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினார். கோள்கள் நீள்வட்டத்தில் செல்கின்றன என்பது அப்படித்தான் 1609-ல் வெளிவந்தது. எட்டுக் கலை என்பது முழு நிலவின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அந்தச் சிறு வித்தியாசத்தை மதித்ததால் உலகின் பார்வையே மாறியது.

தகியுத்தீனுக்கு ஒரு கெப்ளர் வாய்க்கவில்லை. இடிக்கப்பட்டபின் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து 1585-ல் அவர் காலமானார். உலுக் பேக்கின் அட்டவணையைத் திருத்த அவர் எழுதிய நூல், அவருடைய அளவுகளோடு கையெழுத்துப் பிரதியாகவே நூலகங்களில் தங்கிவிட்டது. அது முழுமை பெறவும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் துருக்கிய ஆய்வாளர்கள் அந்தப் பிரதிகளை எடுத்துப் படித்தபிறகே அவருடைய கருவிகள் எவ்வளவு நுட்பமானவை என்று உலகுக்குத் தெரிந்தது. இன்று இஸ்தான்புல்லின் குல்ஹானே பூங்காவில் உள்ள இஸ்லாமிய அறிவியல் தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளின் மாதிரிகளைப் பார்க்கலாம். உம்ரா முடித்துவிட்டுத் துருக்கி வழியாக வரும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. ஹாகியா சோஃபியாவிலிருந்து நடக்கும் தூரம்தான். பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

நமக்கு என்ன இருக்கிறது இதில்?

ஒவ்வோர் ஆண்டும் மே மாத இறுதியிலும் ஜூலை மாத நடுவிலும் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. இங்கே நமக்கு அது மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின். அந்த நேரத்தில் நேராக நட்ட ஒரு கோலின் நிழலைப் பார்த்தால், நிழலுக்கு எதிர்த் திசைதான் கிப்லா. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கோலும் சரியான கடிகாரமும் போதும். தகியுத்தீன் வாழ்நாள் முழுதும் செய்தது இந்த வேலையின் பெரிய வடிவம்தான். வீட்டில் பிள்ளைகளோடு ஒருமுறை செய்து பாருங்கள்.

இனி, பொன்விழா மலரில் இவரைப் பற்றி எழுதிய காரணம். நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. கடைக் கல்லாவில் நாணயங்களைச் சேர்த்து வைத்துத் தொடங்கிய தலைமுறை கட்டிக்காத்தது இது. கூட்டக் குறிப்பேடுகளும் கணக்குப் புத்தகங்களும் கல்வி உதவித்தொகைப் பதிவுகளும் இருக்கின்றன. வானாய்வகம் மூன்றாண்டில் விழுந்ததற்குக் காரணம் அறிவுக் குறைவல்ல. அது ஒரு சுல்தானின் விருப்பத்தின் மேலும் ஒரு மந்திரியின் உயிரின் மேலும் நின்றது. மந்திரி போனதும் அதுவும் போனது. ஒரு நிறுவனம் இரண்டு மூன்று பெரியவர்களின் தோளில் மட்டும் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டவர் எத்தனை பேர் என்று இந்த விழா ஆண்டில் எண்ணிப் பார்ப்போம். பழைய குறிப்பேடுகளை யார் வாசிக்கிறார்கள் என்று கேட்போம். அலமாரியில் பூட்டிய குறிப்பேடு தகியுத்தீனின் கையெழுத்துப் பிரதியைப் போல. வாங்கிப் படித்து, எங்கே எட்டுக் கலை வித்தியாசம் இருக்கிறது என்று கேட்கும் இளைஞரிடம் கொடுத்தால்தான் அதற்கு உயிர். அந்த இளைஞர் கேள்வி கேட்பார், குறை சொல்வார், கணக்கைத் திருப்பிப் பார்க்கச் சொல்வார். பொறுத்துக்கொள்வோம். கெப்ளரும் அப்படித்தான் இருந்தார்.

மற்றொன்று வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன். தராசு காட்டியதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாதிருப்பது வியாபாரத்தில் அமானிதம். அறிவிலும் அதுவே அமானிதம். அளந்ததை அளந்தபடி சொல்வோம். அளக்காததைப் பற்றி வாக்குக் கொடுக்காமல் இருப்போம். சங்கத்தின் ஆண்டறிக்கையிலும் வீட்டில் பிள்ளைகளிடமும் இதைக் கடைப்பிடித்தால் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அதுவே பலமான அஸ்திவாரம்.

வல்ல அல்லாஹ் தகியுத்தீன் அவர்களின் உழைப்பைப் பொருந்திக்கொள்வானாக. நம் சங்கத்தை உருவாக்கி மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் விட்டுச்சென்றதை வாங்கிக்கொள்ளும் கைகளை நம் பிள்ளைகளுக்குத் தருவானாக. ஆமீன்.